சத்தமில்லாமல் மூடும் கதவு



காலையில் பாரிவாக்கம் சிக்னலில் நின்றால், கழுத்தில் அடையாள அட்டையோடு கம்பெனி பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்களைப் பார்க்கலாம். அப்பா காலத்தில் இதே பக்கத்து ஜனங்கள் டிபன் பாக்ஸோடு அம்பத்தூர் எஸ்டேட்டுக்கும் ஆவடி டாங்கித் தொழிற்சாலைக்கும் போனார்கள். ஒரு ஆலை மூடினால் கேட்டில் பூட்டுத் தொங்கும், ஊருக்கே தெரியும். எங்கள் தொழிலில் ஆள் குறைப்பு சத்தமில்லாமல் நடக்கும். அதனால்தான் அதன் சரித்திரத்தை எழுதி வைக்கத் தோன்றியது.

காக்னிசன்ட்டை எடுத்துக்கொள்வோம். 1994-ல் சென்னையில், டன் அண்ட் பிராட்ஸ்ட்ரீட் என்ற அமெரிக்க நிறுவனத்தின் சொந்த வேலைகளுக்கான பிரிவாகத் தொடங்கியது. 1998-ல் நாஸ்டாக் சந்தைக்குப் போனது. முதல் தலைமுறைப் பட்டதாரிகள் எத்தனையோ பேருக்கு இந்தத் தொழில் சோறு போட்டது. அதை மறக்கக் கூடாது.

இதன் அமைப்பு கோபுரம் மாதிரி. அடியில் புதியவர்கள் நிறைய, மேலே போகப் போகச் சிலர். வளர்ச்சி வேகமாக இருக்கிறவரை எல்லோருக்கும் மேலே இடம் இருக்கும். வேகம் குறைந்தால், சம்பளம் ஏறிப்போன நடுத்தட்டுதான் முதலில் பாரமாகத் தெரியும். 2017-ல் காக்னிசன்ட்டின் விருப்ப விலகல் திட்டத்தில் சுமார் 400 உயர் அதிகாரிகள் வெளியேறினார்கள். 2019 அக்டோபரில் 5,000 முதல் 7,000 பேர் வரை குறைப்பதாக அறிவிப்பு வந்தது. 2023 மே மாதத்தில் சுமார் 3,500 பேர், கூடவே 1.1 கோடி சதுர அடி அலுவலக இடத்தையும் விடுவதாகச் சொன்னார்கள். 2025 ஜூலையில் டி.சி.எஸ். நிறுவனமும் தன் ஊழியர்களில் 2 சதவீதம், ஏறத்தாழ 12,000 பேரைக் குறைப்பதாக அறிவித்தது.

சட்டத்தின் கதை வேறு. ஐ.டி.காரனுக்குத் தொழிலாளர் சட்டமே கிடையாது என்றுதான் நாங்களெல்லாம் நம்பிக்கொண்டிருந்தோம். அது தப்பு. 2015 ஜனவரியில் ஒரு பெண் பொறியாளரின் பணிநீக்கத்துக்குச் சென்னை உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. 2016-ல் ஐ.டி. ஊழியர்களும் சங்கம் வைக்கலாம் என்று தமிழக அரசு தெளிவுபடுத்தியது. ஆள் குறைத்தால் ஒரு மாத நோட்டீஸ், முடித்த ஒவ்வொரு வருஷத்துக்கும் 15 நாள் சம்பளம் என்பது 1947-ஆம் வருஷச் சட்டத்தில் இருந்தது. 2025 நவம்பரில் அதன் இடத்துக்கு வந்த புதிய சட்டத் தொகுப்பிலும் இருக்கிறது. நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர்களுக்கு இது பொருந்தாது. ஆனால் 'மேனேஜர்' என்ற பெயரை வைத்து அது முடிவாவதில்லை. செய்கிற வேலையை வைத்துத்தான்.

நம் பேட்ச் நண்பன் ஒருவனை (பெயரும் கம்பெனியும் வேண்டாம்) ஒரு நாள் மதியம் அறைக்குக் கூப்பிட்டு, "நீங்களே ராஜினாமா பண்ணிடுங்க, உங்களுக்குத்தான் நல்லது" என்றார்கள். அரை மணி நேரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தான். தானாக விலகியவனுக்கு ஆள் குறைப்பு இழப்பீடு கிடையாது என்று அப்புறம்தான் தெரிந்தது. பல மாதம் வீட்டில்கூடச் சொல்லவில்லை. தினமும் அதே பஸ் நேரத்துக்குக் கிளம்பிப் போனான்.

தம்பி தங்கைகளே, அந்த அறைக்குள் போகும்படி ஆனால் ஒன்றை நினைவில் வையுங்கள்: "ஒரு நாள் டைம் குடுங்க" என்று கேட்பது குற்றமில்லை. வெளியே வந்ததும் எங்களில் யாருக்காவது போன் பண்ணுங்கள். சங்கம் என்று ஒன்று வைத்திருப்பது வருஷத்துக்கு ஒரு நாள் சேர்ந்து சாப்பிட மட்டும் இல்லையே!