காலால் அளந்த பாட்டு

கழுகுமலைக்குக் காவடியோடு நடந்து போனவர்களுக்கு அண்ணாமலை ரெட்டியாரின் காவடிச் சிந்தை நான் அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. ஆனால் தமிழாசிரியராக இருந்த நானே அதைத் தாமதமாகத்தான் புரிந்துகொண்டேன்.

ரெட்டியார் நம் சங்கரன்கோவில் பக்கத்துச் சென்னிகுளத்துக்காரர். 1860-களில் பிறந்து, முப்பது வயதைத் தாண்டாமலே காலமாகிவிட்டார். அவரை ஆதரித்தவர் ஊற்றுமலை ஜமீன்தார் இருதயாலய மருதப்பத் தேவர். ஜமீன்தார் கழுகுமலைக்குக் காவடி எடுத்து நடந்தபோது வழிநெடுகப் பாடியவை இந்தப் பாடல்கள் என்று நம் பக்கத்தில் வழிவழியாகச் சொல்லி வருகிறார்கள்.

வேலையில் சேர்ந்த புதிதில் அதில் ஒரு பாட்டைக் கரும்பலகையில் எழுதி, வெண்பாவைப் போலச் சீர் பிரித்து அலகிட்டேன். தளை ஒத்து வரவில்லை. "இது வெறும் மெட்டுப் பாட்டு, இதற்கு இலக்கணம் கிடையாது" என்று பிள்ளைகளிடம் சொல்லிவிட்டேன். மூன்று வருஷம் அப்படியே சொன்னேன். யாப்பருங்கலக்காரிகையோடு நின்றவன் வேறென்ன சொல்வேன்!

நாலாம் வருஷம் பங்குனி உத்திரத்துக்கு அத்தையோடு கழுகுமலைக்கு நடந்தேன். இங்கிருந்து சுமார் 20 கிலோமீட்டர். கால் ஓய்ந்த நேரத்தில் முன்னால் போனவர்கள் சிந்தைத் தொடங்கினார்கள். அடி பாதியில் நிற்கும்; அங்கே ஒரு தனிச்சொல் வந்து மறுபாதியை இழுத்துக்கொண்டு போகும். எழுத்துக் குறைந்த இடத்தில் குரலை நீட்டித் தாளத்தை நிரப்புகிறார்கள். அடி முடிவில் இயைபு விழும்போது எங்கள் காலும் சேர்ந்து விழுந்தது. நான் சீரில் தேடிய அளவு தாளத்தில் இருந்தது. புதுச்சேரி இரா. திருமுருகன் பிற்பாடு 'சிந்துப் பாவியல்' எழுதி, சிந்துக்கென்றே இலக்கணம் வகுத்தார்.

பாட்டின் சுவையும் அன்றைக்குத்தான் பிடிபட்டது. முருகனை நினைத்து ஏங்கும் தலைவி தோழியிடம் புலம்பும் பாட்டுகள் இதில் உண்டு. நேர்த்திக்கடனுக்கு நடக்கிறவர்களுக்குக் காதல் பாட்டு எதற்கு என்று அத்தையிடம் கேட்டேன். "ஏங்கிக்கிட்டுப் போறவனுக்குத்தாம்ல இம்புட்டுத் தூரமும் தெரியாது" என்றாள்.

ஊர் திரும்பியதும் வகுப்பில் பிள்ளைகளை எழுந்து நிற்கச் சொல்லி, கைத்தாளம் போட்டுப் பாட வைத்தேன். அதற்கு முந்தைய மூன்று வருஷத்துப் பிள்ளைகள் இப்போது பேரன் பேத்தி எடுத்திருப்பார்கள். அவர்களில் யாராவது இதைப் படித்தால் ஒரு வார்த்தை: அன்றைக்கு நான் சொன்னது தப்பு.