புல்லட் போர்க்கும் எத்தனாம் நம்பர் ஆயிலும்

மஞ்சள் வேகவைச்சு, காயப்போட்டு, மெருகேத்தி மூட்டை கட்டியாச்சு. இனி விலை ஏறுகிற வரைக்கும் காத்திருக்கிறதுதான் வேலை. அந்த இடைவெளியில் அப்பாவோட பழைய புல்லட்டைச் சாளையிலிருந்து வெளியே தள்ளினேன். முன் போர்க் இரண்டிலும் ஆயில் கசிந்து, அதுமேல் புழுதி அப்பி, கறுப்பாகக் கிடந்தது.

"எத்தனாம் நம்பர் ஆயில் ஊத்தப்போறே?" என்று திண்ணையிலிருந்து அப்பா கேட்டார்.

அந்த வண்டியைப் பற்றி அவர் பேசியே பல வருசம் ஆச்சு. அவர் கேட்ட கேள்விக்குப் பின்னால் எங்க வீட்டுக் கதை ஒன்று இருக்கு. அதைவிடப் பெரிய கதை ஒன்று சீமையில் ஆரம்பிச்சு எங்க வாய்க்கால் மேட்டுக்கு வந்து சேர்ந்திருக்கு. ரெண்டையும் சொல்லிடறேன்.

முதலில் அந்த ஆயில் என்ன வேலை பார்க்குதுன்னு பார்ப்போம். போர்க்குக்குள் ஸ்பிரிங் இருக்கிறது எல்லாருக்கும் தெரியும். பாரத்தைத் தாங்குறது அதுதான். ஆனா ஸ்பிரிங்குக்குத் தானா நிற்கத் தெரியாது. ஒரு குழியில் இறங்கினால் நாலு தடவை ஆடும். அந்த ஆட்டத்தைச் சின்னச் சின்ன ஓட்டை வழியே நகர்ந்து அடக்குறது ஆயில். மருந்தடிக்கிற தெளிப்பானை நினைச்சுக்குங்க. வெறும் தண்ணி என்றால் கைப்பிடி லேசா இறங்கும். கெட்டியா கரைச்சு ஊற்றினால் கை வலிக்கும். போர்க்கும் அப்படித்தான். ஆயில் தண்ணியா இருந்தால் வண்டி குதிரை மாதிரி துள்ளும், பிரேக் பிடிச்சால் மூக்குக் குத்தும். ரொம்பக் கெட்டியா இருந்தால் குழி வரும்போது போர்க் இறங்கவே நேரம் இருக்காது. இறங்கினது திரும்ப எழும்புறதுக்குள்ளே அடுத்த குழி வந்துடும்.

ஒரு காலத்தில் இந்த ஆயிலே கிடையாது. 1930களின் வண்டிப் படங்களைப் பார்த்தால் முன்னால் ஏணி மாதிரி ஒரு சட்டம், நடுவில் ஒரு ஸ்பிரிங், பக்கத்தில் ஒரு திருகு இருக்கும். திருகை இறுக்கினால் உள்ளே இருக்கிற வட்டத் தகடுகள் உரசி ஆட்டத்தை அடக்கும். 1935இல் ஜெர்மனியின் பி.எம்.டபிள்யூ. கம்பெனி, ஆர்12 வண்டியில் ஒன்றுக்குள் ஒன்று நுழைகிற குழாய்களை வைத்து, ஆட்டத்தை அடக்க உள்ளே ஆயில் விட்டது. ரெண்டாம் உலகப் போர் நடக்கும்போதே, 1941இல், இங்கிலாந்தின் மேட்ச்லெஸ் கம்பெனி பட்டாளத்துக்குக் கொடுத்த வண்டியில் அதே மாதிரி போர்க் வந்தது. போர் முடிஞ்ச பிறகு மத்த கம்பெனிகளும் ஒவ்வொன்றாக அதுக்கு மாறிவிட்டன. ராயல் என்ஃபீல்டும் அதில் ஒன்று. 1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸும் ரெட்டிச் கம்பெனியும் சேர்ந்து ஆரம்பிச்ச என்ஃபீல்ட் இந்தியா, திருவொற்றியூரில் புல்லட் செய்ய ஆரம்பிச்சது. கீழ்பவானி வாய்க்காலில் தண்ணி வந்ததும் அதே சமயத்தில்தான். எங்க ஊருக்கு முதல் புல்லட் வந்தது அதுக்கு ரொம்ப நாள் கழிச்சு, அது வேற விசயம்.

போர்க் புதுசு, ஆனா அதுக்குன்னு தனியா ஆயில் யாரும் செய்யலை. பட்டறையில் இருந்தது இஞ்சின் ஆயில். அதனால் அந்தக் காலத்து இங்கிலாந்து வண்டிக் கையேடுகளில் பெரும்பாலும் போர்க்குக்கு இருபது, முப்பது என்று இஞ்சின் ஆயில் நம்பரையே போட்டிருப்பார்கள். 1970களில் ஜப்பான்காரர்கள் பல வண்டிகளுக்கு, காரின் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுக்கு ஊற்றுகிற ஆயிலையே சொன்னார்கள். கையில் கிடைச்சதை ஊற்றுறது எங்க ஊர்ப் பழக்கம் மட்டும் இல்லைங்க.

இப்ப வீட்டுக் கதைக்கு வர்றேன். 1997, மார்கழி மாசம். அதுக்கு ரெண்டு மாசம் முன்னாடி போர்க்கில் சீல் போய், பக்கத்து ஊர்ப் பட்டறையில் மாத்தினார் அப்பா. சீல் மாத்தினவர், "இனிமே கசியாதுங்க மாமா, கெட்டியாவே ஊத்தியிருக்கேன்" என்று தொண்ணூறு நம்பர் கியர் ஆயிலை விட்டிருக்கிறார். அவர் குருநாதரிடம் கத்துக்கிட்டது அது, கசியவும் இல்லை. ஒருநாள் விடியக்காலை, ரெண்டு பக்கமும் பால் கேனைக் கட்டிக்கிட்டு அப்பா சொசைட்டிக்குப் போனார். வாய்க்கால் மேட்டில் வளைவு வரும் இடத்தில் வண்டித்தடம் வரிவரியாகக் கிடக்கும். முன்சக்கரம் தரையைப் பிடிக்காமல் தத்தித் தத்திப் போய், வண்டி சரிஞ்சிடுச்சு. பால் பூரா மண்ணில். வலது காறை எலும்பு முறிஞ்சிருந்தது. எலும்பு கூடினாலும் அந்தக் கை பழைய உயரத்துக்கு வரவே இல்லை. நான் படிப்பை விட்டுட்டுத் தோட்டத்துக்கு வந்தது அந்த வருசம்தான்.

ஆயில் மட்டும்தான் காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். டயரும் தேஞ்சிருந்தது. ஆனா அப்புறம் போர்க்கைக் கழற்றினப்போ வெல்லப்பாகு மாதிரி வடிஞ்சதை நானே பார்த்தேன்.

தொண்ணூறு என்றால் முப்பதைவிட மூணு மடங்கு கெட்டி என்றுதான் அப்ப நினைச்சேன். பின்னாடிதான் தெரிஞ்சது, அது வேற தராசு. கியர் ஆயிலுக்கு ஒரு நம்பர் வரிசை, இஞ்சின் ஆயிலுக்கு இன்னொரு வரிசை. கியர் ஆயில் தொண்ணூறு, இஞ்சின் ஆயில் நாற்பது ஐம்பதுக்குக் கிட்ட வரும். இஞ்சின் ஆயில் நம்பரை அமெரிக்காவின் எஸ்.ஏ.ஈ. சங்கம் 1911இல் ஆரம்பிச்சது. இருபது, முப்பது என்கிற அந்த நம்பரை இன்றைக்கு 100 டிகிரி சூட்டில் ஆயில் ஓடுகிற வேகத்தை வைத்துத்தான் போடுகிறார்கள். இஞ்சினுக்கு அது சரி. போர்க் எப்பங்க 100 டிகிரி போச்சு? வெளியே என்ன வெயிலோ, என்ன குளிரோ, அதுக்குக் கொஞ்சம் மேலேதான் அது இருக்கும். இன்னொரு குழப்பம், பாட்டிலில் 10 டபிள்யூ என்று போட்டிருப்பதை எல்லாரும் வெயிட் என்று படிக்கிறோம். அது வெயிட் இல்லை, விண்டர், குளிர்காலம்.

போர்க்குக்குப் பொருத்தமான அளவு, 40 டிகிரியில் அளக்கிற சென்டிஸ்டோக்ஸ். டிராக்டர், ஜே.சி.பி. வெச்சிருக்கிறவங்களுக்கு இது தெரிஞ்சதுதான். ஹைட்ராலிக் ஆயில் டின்னில் 46, 68 என்று இருக்கும் நம்பர் அதுவேதான். அந்தக் கணக்கில் இஞ்சின் ஆயில் இருபது ஏறக்குறைய 68, முப்பது ஏறக்குறைய 100. அப்பா வண்டியில் ஊற்றின தொண்ணூறு ஏறக்குறைய 220! அதுவும் 40 டிகிரியில். மார்கழி விடியலில் 20 டிகிரிக்கு இறங்கினால் இன்னும் மூணு பங்குக்கு மேல் கெட்டியாகிவிடும். மத்தியானம் ஓட்டிப் பார்த்து "நல்லாத்தான் இருக்கு" என்று சொன்ன ஆயில், விடியக்காலையில் வேற ஆயில்.

இப்ப போர்க் ஆயில் என்றே பாட்டிலில் விற்கிறார்கள். அதிலும் பத்து என்று போட்டிருப்பது ஒரு கம்பெனியில் 32 பக்கம் இருக்கும், இன்னொன்றில் 40ஐத் தாண்டும். அதனால் பாட்டிலின் முன்னால் இருக்கிற நம்பரை நான் நம்புறதில்லை. அந்தக் கம்பெனியின் விவரத்தாளில் 40 டிகிரிக்கு நேரே என்ன போட்டிருக்கு என்று தேடிப் பார்க்கிறேன். உங்க வண்டிக் கையேட்டில் இருக்கிற ஆயிலுக்கு அந்த எண் என்னவோ, அதுக்குக் கிட்ட இருக்கிறதை எடுங்க. ரெண்டு காலிலும் ஒரே அளவு ஊற்றணும். கூடுதலா ஊற்றினாலும் உள்ளே காத்துக்கு இடம் குறைஞ்சு கடைசியில் கல்லு மாதிரி ஆகிடும். கசிவுக்கு மருந்து புது சீலும், கீறல் இல்லாத குழாயும். கெட்டி ஆயில் கசிவை மறைச்சு மட்டும்தான் வைக்கும்.

"அறுபத்தெட்டுங்க அப்பா" என்றேன்.

"அது டிராக்டருக்கு ஊத்துற நம்பராச்சே?"

"நம்பர் அதேதாங்க. ஆயில் வேற, போர்க்குக்குன்னே வர்றது."

மாட்டுக்கு மருந்து கொடுக்க வாங்கின புது சிரிஞ்சில் அளந்து ரெண்டு காலிலும் ஊற்றினேன். அப்பா எழுந்து வந்து, இடது கையால் ஹேண்டிலைப் பிடித்து ஒரு அமுக்கு அமுக்கினார். போர்க் இறங்கி, நிதானமா ஒரே தடவையில் எழும்பி நின்றது. மறுபடியும் அமுக்கிப் பார்த்தார்.

"காலையில பனி இருக்கறப்போ ஒருக்கா அமுக்கிப் பாரு" என்று சொல்லிட்டு மாட்டுக்குத் தண்ணி காட்டப் போய்விட்டார்.