ஒரே மடிப்பு, இரண்டு காவல்

மதுரைக்காரர்களுக்குக் கண்புரை என்றால் அண்ணா நகர் அரவிந்த் கண் மருத்துவமனை; காசநோய் என்றால் தோப்பூர் அரசு நெஞ்சக நோய் மருத்துவமனை. இந்த இரண்டு நோய்களிலும் ஒரே குடும்பத்துப் புரதம் இருக்கிறது என்று முதலில் படித்தபோது நான் நம்பவில்லை. நம் விழிவில்லையில் இருப்பது ஆல்பா கிரிஸ்டலின். காசநோய்க் கிருமிக்குள் இருப்பது அதன் தூரத்து உறவான ஹெச்எஸ்பிஎக்ஸ்.

தோசைக்கல்லில் ஊற்றிய முட்டையின் வெள்ளைக்கரு வெளுப்பதை எல்லோரும் பார்த்திருப்போம். சூட்டில் புரதத்தின் மடிப்பு அவிழ்கிறது. உள்ளே மறைந்திருந்த, நீரோடு சேராத பகுதிகள் வெளியே வந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. கண்புரையிலும் ஏறத்தாழ இதுதான் நடக்கிறது, சூடு இல்லாமல், பல ஆண்டுகளில். வில்லையின் நடுவிலுள்ள செல்களில் உட்கரு கிடையாது, புதுப் புரதம் செய்ய வழியும் கிடையாது. எழுபது வயதுப் பாட்டியின் வில்லை நடுவே இருக்கும் புரதம், அவர் தாய் வயிற்றில் இருந்தபோது உருவானது. அது அவிழத் தொடங்கும்போது ஒட்டவிடாமல் பிடித்து வைப்பது ஆல்பா கிரிஸ்டலின். 1992இல் ஆய்வாளர் ஜோசப் ஹார்விட்ஸ் இதைக் காட்டினார்.

காசநோய்க் கிருமியோ, நுரையீரலில் பிராணவாயு குறைந்தால் பெருகுவதை நிறுத்தி உறங்கிவிடும். அந்த நேரத்தில் அது மிகுதியாகச் செய்யும் புரதங்களில் ஒன்று ஹெச்எஸ்பிஎக்ஸ்.

மனித ஆல்பா-ஏ கிரிஸ்டலினில் 173 அமினோ அமிலங்கள். கிருமியின் புரதத்தில் 144. நடுவே சுமார் 90 அமினோ அமிலங்கள் கொண்ட பகுதி இரண்டிலும் ஒரே மாதிரி மடிகிறது: பீட்டா இழைகளாலான இரண்டு அடுக்குகள், ஒன்றின்மேல் ஒன்று. 1963இல் ஜி.என்.ராமச்சந்திரனும் அவர் குழுவினரும் சென்னையில் வரைந்த கோண வரைபடம் இரண்டுக்கும் பொருந்தும். புரதத்தின் முதுகெலும்புச் சங்கிலி எப்படித் திரும்பலாம் என்ற விதியில் கிருமி, மனிதர் என்ற பேதம் இல்லை. ஆனால் ஒரே வகைப் புரதங்கள் இரண்டு ஜோடி சேரும் விதம் வேறு. பாக்டீரியா வகைகளில் பொதுவாக ஒரு புரதத்தின் இழை நீண்டு அடுத்ததன் அடுக்குக்குள் செருகிக்கொள்கிறது. விலங்கு வகைகளில் இரண்டும் விளிம்போடு விளிம்பு சேர்ந்து ஒரே நீண்ட தகடாகின்றன.

என்னைப் பிரமிக்க வைப்பது வேறொன்று. பிடித்து வைக்கும் இந்த வேலைக்கு ஏடிபி என்ற எரிபொருள் தேவையில்லை. வில்லையின் நடுவிலும் உறங்கும் கிருமியிலும் அந்த எரிபொருளுக்குத்தான் பஞ்சம். விழித்த கிருமி, பிடித்து வைத்த புரதத்தை ஏடிபி செலவழித்து மடிக்கும் வேறு புரதங்களிடம் கொடுத்துவிடலாம். வில்லையின் நடுவில் அப்படி வாங்கிக்கொள்ள ஆள் இல்லை. பிடித்தது பிடித்தபடியே கிடக்கும். நாற்பது வயதை ஒட்டி அங்கே கரைந்த நிலையிலுள்ள ஆல்பா கிரிஸ்டலின் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

வடிவத்தில் ஒரு சிறு பிசகுகூடப் பெரிது. ஆல்பா-ஏ கிரிஸ்டலினில் 116ஆவது இடத்து ஆர்ஜினின் சிஸ்டீனாக மாறினால் குழந்தை கண்புரையோடு பிறக்கிறது என்று 1998இல் ஒரு குடும்பத்தில் கண்டறிந்தார்கள். கிருமியின் புரதத்தை நீக்கிய சோதனைகளோ முரண்படுகின்றன: ஒன்றில் கிருமி நோயெதிர்ப்புச் செல்லுக்குள் வளரத் திணறியது, இன்னொன்றில் எலியின் உடலில் கூடுதலாகப் பெருகியது. ஆகவே அந்தப் புரதம் கிருமியை உறக்கத்தில் காப்பதோடு அதன் வேகத்தையும் அடக்குகிறது என்றே நான் கருதுகிறேன்.

கண்ணில் காவல் தோற்றால், மங்கிய வில்லையை எடுத்துவிட்டுச் செயற்கை வில்லை வைக்கலாம். மதுரை அரோலேப் நிறுவனம் 1992 முதல் அந்தச் செயற்கை வில்லையைத் தயாரிக்கிறது. உறங்கும் கிருமிக்கு அப்படிக் குறுக்கு வழி இல்லை. வழக்கமான காசநோய்க்கே சிகிச்சை ஆறு மாதம் நீள்வதற்கு, மருந்துக்கு எளிதில் சாகாத இந்த மந்தக் கிருமிகளே முக்கியக் காரணம். இரண்டாம் மாதமே இருமல் நின்றுவிடலாம். உங்கள் வீட்டில் யாராவது காசநோய் மாத்திரையைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தால், மருத்துவர் சொன்ன கடைசி நாள் வரை நிறுத்த விடாதீர்கள். அரசு மருத்துவமனையில் அது இலவசம்.