உயிர் மீன் வாங்குவோர் கவனத்திற்கு

"மீனுக்குத்தான் அறுப்பு இல்லையே ஹஜ்ரத், அது எப்படிச் செத்தால் என்ன?" கணபதியில் ஜும்ஆ முடிந்து வெளியே வரும்போது ஒரு சகோதரர் நம்மிடம் கேட்டார். கேள்வியின் முற்பாதி சரி. செத்தவற்றில் மீனும் வெட்டுக்கிளியும் நமக்கு ஆகுமானவை என்று ஹதீஸில் வந்துள்ளது. பிற்பாதியில்தான் பிழை.

கடல் தூரமாக இருக்கும் நம் கோவையில் கட்லா, ரோகு, ஜிலேபி போன்ற வளர்ப்பு மீன்களைத் தொட்டியில் நீந்தவிட்டு விற்கிறார்கள். உயிர் மீன் என்றாலே ருசி என்று நம்பி வாங்குகிறோம். தராசில் துள்ளி, தரையில் துள்ளி, செதில் உரசும்போதும் அது வாயைத் திறந்து மூடிக்கொண்டிருக்கும். கெண்டை இனங்கள் நீருக்கு வெளியே நெடுநேரம் உயிர் பிடித்திருப்பவை.

அந்தத் துடிப்பில் தசையிலுள்ள கிளைகோஜன் லாக்டிக் அமிலமாக மாறுகிறது. உயிருள்ள தசையின் பி.எச். அளவு 7-ஐ ஒட்டியிருக்கும். போராடிச் செத்த மீனில் அது வேகமாகச் சரிகிறது. ஏடிபி என்னும் ஆற்றல் பொருளும் முன்பே தீர்ந்துவிடுவதால், பல மணி நேரம் கழித்து வர வேண்டிய விறைப்பு சீக்கிரமே வந்து சீக்கிரமே விலகுகிறது. பிறகு சதை தளர்ந்து நீர் விடும். துண்டு போட்டால் பிளக்கும். குழம்பில் மீன் உதிர்ந்துவிட்டது என்று வீட்டில் சமைத்தவரைக் குறை சொல்லும் முன் இதையும் யோசிக்கலாம்.

ஜப்பானில் 'இகெஜிமே' என்றொரு முறை உண்டு. கூர்முனையால் மூளையில் ஒரு குத்து, செவுளருகே வெட்டி இரத்தம் வடித்தல், பிறகு தண்டுவடத்தில் மெல்லிய கம்பி. மூளை செத்த பிறகும் தண்டுவடம் தசையைத் துடிக்க வைக்கும் என்பதால்தான் அந்தக் கம்பி. நார்வேயின் சால்மன் ஆலைகளில் மின்சாரத்தாலோ தலையில் அடித்தோ உணர்விழக்கச் செய்து இரத்தம் வடிக்கிறார்கள். முன்பு கரியமில வாயு கரைந்த நீரில் விட்டார்கள். மீன் மிரண்டு துடித்ததால் அந்த முறை கைவிடப்பட்டது.

நம் கடைக்காரரிடம் கம்பியெல்லாம் கேட்க வேண்டியதில்லை. கண்களுக்குச் சற்று மேலே கனமான கட்டையால் ஓர் அடி; உடனே செவுளை அறுத்து, சில நிமிடம் குளிர்ந்த நீரில் இரத்தம் வடியவிடுதல்; அதன் பிறகே செதிலும் குடலும். சதை வெளுப்பாக இருக்கும், கவுச்சி குறையும். (குளத்து மீனின் மண் வாடை வேறு விஷயம், அது நீரிலுள்ள நுண்ணுயிர்களால் வருவது, இதனால் போகாது.) பண்ணை வைத்திருக்கும் சகோதரர்கள் பிடிப்பதற்கு முந்தைய நாளே தீனியை நிறுத்திவிடுவது நல்லது. ஐஸ் எடைக்கு எடை போடலாம். ஆனால் உயிருடன் ஐஸில் கொட்ட வேண்டாம், குளிரில் மெல்ல மெல்லத்தான் சாகும்.

கொல்வதையும் அழகிய முறையில் செய்யுமாறு கட்டளையிடும் ஹதீஸை ஷத்தாத் இப்னு அவ்ஸ் (ரலி) அறிவிக்கிறார்கள். ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது. அதில் கத்தியைத் தீட்டச் சொல்லியிருப்பதால், அது ஆட்டுக்கும் மாட்டுக்கும் மட்டும் என்று நாம் சுருக்கிக்கொண்டோம். அறுப்பு இல்லை என்பது நமக்குத் தரப்பட்ட சலுகை. மீனைத் துடிக்க விடுவதற்கான அனுமதி அல்ல.

தொட்டியில் தானாகச் செத்து மிதக்கும் மீனைப் பற்றியும் அந்தச் சகோதரர் கேட்டார். ஹனஃபி மத்ஹபில் அதை உண்ணக் கூடாது, ஷாஃபியில் ஆகும். எந்த மத்ஹபாக இருந்தாலும், பாதி விலைக்குத் தந்தாலும் வாங்காதீர்கள் என்றோம். அது எப்போது செத்தது என்பது விற்பவருக்கே தெரியாது.