முன்சிலுவை நார் சீரமைப்புக்குப் பிந்தைய நடை

முழங்காலுக்குள் தொடை எலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் குறுக்காகப் பிணைக்கும் இரு நார்களில் ஒன்று முன்சிலுவை நார் (ஏசிஎல்). கீழ்க்கால் எலும்பு முன்னால் நழுவாமலும் அளவு மீறித் திருகாமலும் காப்பது இதன் வேலை. ஓட்டத்தில் சட்டென நின்று திரும்பும்போது இது அறுபடுகிறது. ‘ஜவ்வு கிழிந்துவிட்டது’ என்பார்கள். நோயாளியின் பின்தொடைத் தசைநாணையோ முழங்கால் சில்லுக்குக் கீழுள்ள நாணையோ எடுத்து அதனிடத்தில் பொருத்துவது வழக்கமான அறுவை சிகிச்சை. புதிய நார் உறுதியாக ஒட்டிக்கொண்டாலும் பழைய நடை உடனே திரும்புவதில்லை.

இயல்பான நடையில் குதிகால் தரையில் பட்டதும் முழங்கால் 15 முதல் 20 பாகை வரை மடங்கி உடல் எடையை வாங்கிக்கொள்கிறது. அந்த மடக்கத்தை அளவோடு நிறுத்துவது தொடையின் முன்தசை, அதாவது குவாட்ரிசெப்ஸ். ஒவ்வோர் அடியிலும் மூட்டின் மேல் விழும் அழுத்தம் உடல் எடையைப் போல் 2 முதல் 3 மடங்கு. 60 கிலோ எடையுள்ளவருக்கு 120 முதல் 180 கிலோ. இதில் பெரும்பகுதி எடையால் வருவதன்று, தசைகள் இழுப்பதால் வருவது. மூட்டின் உட்பக்கமே அதிகம் தாங்குகிறது.

அறுவைக்குப் பின் இந்த ஒழுங்கு குலைகிறது. வீக்கமும், மூட்டிலிருந்து செல்லும் உணர்வுச் செய்திகளின் மாற்றமும் நரம்பு வழியே முன்தசையைத் தடுப்பதால், நோயாளி எவ்வளவு முயன்றாலும் அது முழுதாக இயங்காது. எனவே முழங்காலை அதிகம் மடக்காமல் விறைப்பாக ஊன்றுகிறார். முன்தசையும் பின்தொடைத் தசையும் ஒரே நேரத்தில் இறுகுவதும் உண்டு. பின்தொடைத் தசை கீழ்க்கால் எலும்பைப் பின்னுக்கு இழுப்பதால் நாருக்கு அது ஒரு காவல்தான். ஆனால் மூட்டு வளைந்து கொடுக்கும் தன்மை போய்விடுகிறது. முன்தசையைத் தவிர்க்கும் இந்த நடையை 1990இல் ஆய்வாளர் தாமஸ் ஆண்ட்ரியாக்கி இடம்பெற்ற குழு விவரித்தது. அவர்கள் பார்த்த 16 பேர் நார் அறுந்த நிலையில் இருந்தவர்கள், சீரமைப்பு செய்துகொண்டவர்கள் அல்லர். முழுமையான தவிர்ப்பு அரிது, மென்மையான வடிவமே பரவலானது என்று பின்னர் தெரியவந்தது.

தசையின் இயக்கத்தையும் மூட்டின் மேல் விழும் அழுத்தத்தையும் அளப்பது எளிதன்று. தோலில் ஒட்டும் மின்முனைகள் தசை எப்போது இயங்குகிறது என்பதைப் பதிவு செய்யும்; எவ்வளவு விசையோடு இழுக்கிறது என்பதைச் சொல்லாது. செயற்கை மூட்டுக்குள் உணரி வைத்தவர்களிடம் மட்டுமே அழுத்தத்தை நேரடியாக அளக்க முடியும். மற்றவர்களுக்கு மின்பதிவு, கேமராவில் பதிவான அசைவு, தரையில் பதித்த விசைத்தட்டு காட்டும் விசை ஆகிய மூன்றையும் கணினி மாதிரியில் சேர்த்துக் கணிக்கிறார்கள். ஆகவே இத்துறையின் எண்களை ஒப்பிடும்போது ஒரே கணினி மாதிரியில் வந்தவைதானா என்று பார்ப்பது நல்லது.

சுமை கூடினால்தான் மூட்டு தேயும் என்பது பொதுவான எண்ணம். டெலவேர் பல்கலைக்கழகத்தார் 2016இல் வெளியிட்ட ஆய்வு அதை அசைத்தது. அறுவை செய்துகொண்ட 22 பேரைத் தொடர்ந்து பார்த்ததில், 5 ஆண்டுகளில் மூட்டுத் தேய்வு கண்டவர்கள் தொடக்க மாதங்களில் முழங்காலின் உட்பக்கத்தில் மற்றவர்களைவிடக் குறைவான சுமையோடு நடந்தவர்கள். குருத்தெலும்புக்கு இரத்தக்குழாய் கிடையாது. அழுந்தி விரிந்துதான் ஊட்டம் பெறுகிறது. சுமையே ஏறாத மூட்டு நலிவதற்கு இது காரணமாகலாம். 22 பேரை வைத்து முடிவு கட்ட முடியாது என்றாலும், காலைப் பொத்திப் பொத்தி வைப்பது பாதுகாப்பு என்ற நம்பிக்கையை மறுபரிசீலனை செய்ய இது போதும்.

முன்தசைக்கு வலுவூட்டுவது மறுவாழ்வின் முதல் வேலை. மின்தூண்டலும் இதற்கு உதவுகிறது. ஆனால் வலு வந்துவிட்டால் நடை தானாகச் சீராகிவிடும் என்பதில்லை. நடையைத் தனியே பழக்க வேண்டும். டிரெட்மில்லில் நடப்பவர் தன் முழங்கால் மடங்குவதைத் திரையில் பார்த்துத் திருத்திக்கொள்ளும் பயிற்சியும் உண்டு. இரு கால்களுக்கும் உள்ள வேறுபாடு வெறும் கண்ணுக்குத் தெரியாத அளவில் பல மாதங்கள் நீடிக்கும் என்பதால், நொண்டவில்லை என்பதை மட்டும் வைத்து நடை தேறிவிட்டதாகக் கொள்ளக் கூடாது.