நூலிழை வெற்றியும் நடுவர் தராசும்

கொச்சியில் வாழும் தமிழர்களாகிய நாம் ஓணத்தையும் வள்ளங்களி என்னும் படகுப் போட்டியையும் நம் பொங்கலைப் போலவே எதிர்பார்த்துக் காத்திருப்பது ஊரில் உள்ள உறவினர்களுக்கு வியப்பாக இருக்கும். மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் மிளகும் சுக்கும் விற்றே நாற்பது ஆண்டுகளைக் கழித்தவன் அடியேன். பள்ளிப் படிப்பு குறைவு. கடை மூடிய பிறகு படித்ததுதான் என் கல்வி. அந்தச் சிற்றறிவைக் கொண்டு, ஒரு படகுப் போட்டியின் முடிவில் எழுந்த கேள்வியை வரலாற்று நோக்கில் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். பிழை இருப்பின் அறிஞர்கள் பொறுத்தருள வேண்டுகிறேன்.

கேள்வியைக் கேட்டவர் பேராசிரியர் அல்லர். முப்பது ஆண்டுகளாக என் கடையில் கணக்கு எழுதிவரும் குட்டநாட்டுக்காரர். என்னிடம் வந்த பிறகு தமிழ் கற்றுக்கொண்டவர்.

கணக்கரின் கேள்வி

28.9.2024, சனிக்கிழமை. வயநாடு நிலச்சரிவின் காரணமாக ஆகஸ்டு மாதத்திலிருந்து தள்ளிவைக்கப்பட்ட நேரு கோப்பைப் போட்டி அன்று ஆலப்புழை புன்னமடைக் காயலில் நடந்தது. கடையில் தொலைக்காட்சி முன்னால் ஒரே கூட்டம். பள்ளாத்துருத்தி சங்கத்தார் துடுப்பு போடும் காரிச்சால் சுண்டன்தான் வெல்லும் என்பது என் கணிப்பு. கைனகரி வில்லேஜ் போட் கிளப்பின் வீயபுரம் சுண்டன் என்பது கணக்கர் கட்சி. பந்தயம் ஒரு சாயா. (சாயாப் பந்தயமும் பந்தயம்தானே என்று என் இல்லாள் கேட்பதுண்டு. பதில் சொல்ல முடியாது.)

இரு படகுகளும் ஒன்றாகவே கோட்டைத் தொட்டன. கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை. பிறகு அறிவிப்பு வந்தது: காரிச்சால் 4 நிமிடம் 29.785 நொடி, வீயபுரம் 4 நிமிடம் 29.790 நொடி. ஆயிரத்தில் ஐந்து பங்கு நொடியில் கோப்பை போயிற்று. நான் கை தட்டினேன். கணக்கர் எழுந்து நின்றார்.

"முதலாளி, நம்ம தராசுல ரெண்டு கிராம் வித்தியாசம் தெரியுமா? தெரியாததைத் தெரிஞ்ச மாதிரி எப்படிச் சொல்றாங்க?"

மேசைமேல் பத்து ரூபாயை வைத்துவிட்டுப் போய்விட்டார். பத்து நாள் என்னிடம் கணக்கைத் தவிர வேறு பேச்சு இல்லை. முப்பது வருடப் பழக்கம் ஒரு படகால் கெட்டுவிடுமோ என்று பயந்தேன். அவர் கேட்டது நியாயம்தானா என்று தேட ஆரம்பித்தேன்.

கோப்பை வந்த கதை

1952 டிசம்பரில் பிரதமர் ஜவாஹர்லால் நேரு ஆலப்புழைக்கு வந்தபோது அவரை வரவேற்கச் சுண்டன் வள்ளங்களின் போட்டி நடத்தினார்கள். நடுபாகம் சுண்டன் வென்றது. காவல் ஏற்பாடுகளைப் பொருட்படுத்தாமல் நேரு அந்தப் படகிலேயே குதித்து ஏறிக்கொண்டார். டெல்லி திரும்பியதும் தம் கையெழுத்துப் பொறித்த வெள்ளிப் படகு ஒன்றைப் பரிசுக் கோப்பையாக அனுப்பிவைத்தார். 1969 முதல் அது நேரு கோப்பை என்றே வழங்குகிறது.

முதல் போட்டி விருந்தினரை மகிழ்விக்க நடந்தது. அங்கே கண்ணே போதும். இன்று பரிசுத் தொகை, விளம்பரம், ஊர்ப் பெருமை எல்லாம் சேர்ந்துவிட்டதால் கண் போதவில்லை, கருவி வந்துவிட்டது.

கருவி சொன்னதைக் கடைக் கணக்காகப் போட்டுப் பார்த்தேன். ஓட்டத் தூரம் ஏறத்தாழ 1,150 மீட்டர். சராசரி வேகம் நொடிக்கு நாலேகால் மீட்டர். அப்படியானால் ஆயிரத்தில் ஐந்து பங்கு நொடிக்கு இரண்டு சென்டிமீட்டர் சொச்சம், அதாவது ஒரு கொட்டைப்பாக்கின் அகலம். படகின் நீளமோ நூறு அடிக்கு மேல்! வீயபுரம் தரப்பு நேரக் கணக்கை எதிர்த்து முறையிட்டது. நிரணம் தரப்பு போட்டி தொடங்கிய விதத்தைக் குறை சொன்னது. மேல்முறையீட்டுக் குழு விசாரித்தும் முடிவு மாறவில்லை.

அமெரிக்கக் கார்ப் பந்தயம் தரும் பாடம்

இந்த விவகாரத்தை அமெரிக்காவிலுள்ள என் மருமகனிடம் தொலைபேசியில் புலம்பினேன். "மாமா, இங்கே ஸ்டாக் கார் பந்தயத்துல இது பழைய கதை" என்றார். கடையில் விற்கும் கார்களைப் போன்ற தோற்றமுடைய கார்களை வட்டப் பாதையில் ஓட்டும் பந்தயம் அது. அதை நடத்தும் நாஸ்கார் அமைப்பு 1948இல் தோன்றியது. அவர் சொன்னதை வைத்து மேலும் படித்ததில் மூன்று நிகழ்ச்சிகள் என் கவனத்தை ஈர்த்தன.

முதலாவது, 1949 ஜூன் 19, சார்லட் நகரம். கடையில் வாங்கிய காரை மாற்றாமல் ஓட்ட வேண்டும் என்ற விதியோடு அவ்வமைப்பு நடத்திய முதல் பந்தயம். முதலில் வந்தவர் கிளென் டனவே. காரைச் சோதித்தால், கள்ளச் சாராயம் கடத்துவதற்காகப் பின்பக்க வில்லைத் திருத்தியிருந்தது தெரிந்தது. வெற்றி அடுத்து வந்த ஜிம் ரோப்பருக்குப் போயிற்று. கார் உரிமையாளர் நீதிமன்றம் சென்றும் பலனில்லை. விதி முன்கூட்டியே எழுதப்பட்டிருந்ததால் நடுவர் தீர்ப்பு நின்றது.

இரண்டாவது, 1959 பிப்ரவரி, டேடோனா. முதலில் ஜானி போஷாம்ப் வென்றதாக அறிவித்தார்கள். லீ பெட்டி மறுத்தார். புகைப்படங்களையும் செய்திப்படச் சுருளையும் தேடிப் பார்த்து 61 மணி நேரம் கழித்து பெட்டிதான் வென்றவர் என்று மாற்றினார்கள். தன் பிழையைத் திருத்திக்கொள்ள நடுவர் வெட்கப்படவில்லை.

மூன்றாவது, 2024 மே 5, கான்சஸ். கைல் லார்சன், கிறிஸ் பியூஷரை ஆயிரத்தில் ஒரு பங்கு நொடியில் வென்றார். நம் புன்னமடை முடிவுக்கு ஐந்து மாதம் முன்புதான் இது.

நீச்சல் குளத்தில் கண்ட விடை

ஆனால் கணக்கரின் கேள்விக்கு நேரான விடை கிடைத்தது, படகைப் போலவே தண்ணீரில் நடக்கும் நீச்சலில்தான். 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் 400 மீட்டர் தனிநபர் கலப்பு நீச்சலில் சுவீடனின் குன்னர் லார்சன், அமெரிக்காவின் டிம் மெக்கீயை ஆயிரத்தில் இரண்டு பங்கு நொடியில் வென்றார். தூரத்தில் அது மூன்று மில்லிமீட்டர் அளவே. குளத்தின் ஒரு பாதைக்கும் அடுத்த பாதைக்கும் நீளத்திலேயே அதைவிட வேறுபாடு இருக்கக் கூடுமே! அதனால் பின்னர் நூறில் ஒரு பங்கு நொடியோடு நிறுத்திவிட்டார்கள். அதற்குள் சமமாக வந்தால் பதக்கமும் சமம். 2016 ரியோ ஒலிம்பிக்கில் 100 மீட்டர் வண்ணத்துப்பூச்சி நீச்சலில் மூன்று பேருக்கு வெள்ளி கொடுத்தது இதனால்தான்.

இங்கே ஒரு வியாபாரியின் நுணுக்கம் உண்டு. நீச்சல் போல நூறில் ஒரு பங்கோடு நிறுத்தினால் நம் படகுகள் சமமாகுமா? அரைக்கு மேல் முழுதாக்கினால் இரண்டும் 29.79, சமம். மிச்சத்தை வெட்டிவிட்டால் 29.78, 29.79, காரிச்சாலே வெற்றி. பைசாவை முழுதாக்கும் முறையை முன்கூட்டியே பேசிக்கொள்ளாத இடத்தில்தான் வியாபாரத்தில் சண்டை வரும். போட்டியிலும் அப்படித்தான். காரிச்சால் வெல்லவில்லை என்று நான் சொல்ல வரவில்லை. எந்த அளவு வரை அளப்போம், அதற்குக் கீழே என்ன செய்வோம் என்பது படகு தண்ணீரில் இறங்கும் முன்பே ஊருக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்கிறேன்.

கணிப்பும் கசப்பும்

இன்னொரு பக்கமும் உண்டு. நடுவர்மேல் சந்தேகம் வருவதற்கு நம் கணிப்பும் ஒரு காரணம். காரிச்சால் அன்று முதல் சுற்றில் 4 நிமிடம் 14 நொடி அளவில் ஓடியது. அதைப் பார்த்த நான் இறுதியில் எளிதாக வெல்லும் என்றேன். இறுதியில் பதினைந்து நொடி கூடுதலாயிற்று. என் கணிப்பு பலித்தது பாக்கு அகலத்தில்! இரண்டு சென்டிமீட்டர் இந்தப் பக்கம் போயிருந்தால் நான்தான் எழுந்து நின்று கத்தியிருப்பேன்.

மட்டாஞ்சேரியில் 1957 முதல் மிளகு முன்பேர வியாபாரம் நடந்தது. நாளைய விலையை இன்று கணிப்பதே அந்தத் தொழில். தவறாகக் கணித்தவன் மார்க்கெட் ஏமாற்றிவிட்டது என்பான். ஆனால் மூட்டையை நிறுத்த தராசைக் குறை சொல்லமாட்டான், ஏனென்றால் அதில் அரசு முத்திரை இருந்தது.

1996 ஜனவரியில் உச்சநீதிமன்றம், டாக்டர் கே.ஆர். லட்சுமணன் எதிர் தமிழ்நாடு அரசு என்ற வழக்கில், குதிரைப் பந்தயம் பெரிதும் திறமை சார்ந்தது, வெறும் சூதல்ல என்று தீர்ப்பளித்தது. குதிரையின் திறனையும் ஓட்டுபவரின் திறனையும் ஆராய்ந்து கணிக்கலாம் என்பது அதன் அடிப்படை. நான் அதிலிருந்து எடுத்துக்கொள்வது வேறு. நடுவர் நேர்மையாக இருக்கும் வரைதான் கணிப்பு அறிவாகும். நடுவர் சாய்ந்தால் எவ்வளவு ஆராய்ந்தாலும் அது சூதே.

எங்கள் சமண இல்லறத்தார் நோன்பில், கள்ள அளவை வைத்திருப்பது கள்ளாமை என்ற விரதத்துக்குக் குற்றம். வள்ளுவரும் நடுவுநிலைமையைச் சொல்லும்போது துலாக்கோலையே உவமையாக எடுத்தார்.

ஐந்து விரலும் விரிய

நம் முன்னோர் இதற்கு வழி கண்டிருந்தார்கள். முதலாம் பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921) குடவோலைத் தேர்வை விவரிக்கின்றன. சபையார் அனைவரும் கூடியிருக்க, குடத்தை எல்லோரும் காணும்படி உயர்த்திக் காட்ட வேண்டும். உள்ளே இருப்பதை அறியாத ஒரு சிறுவன் ஓலையை எடுக்க வேண்டும். அதை வாங்குபவர் ஐந்து விரலும் விரித்த உள்ளங்கையில் வாங்கி, உரக்கப் படிக்க வேண்டும். சுற்றியிருப்பவர்களும் படிக்க வேண்டும். விரித்த கையில் எதையும் ஒளிக்க முடியாதல்லவா? நேர்மையாக இருந்தால் மட்டும் போதாது, நேர்மை கண்ணுக்குத் தெரியவும் வேண்டும் என்று ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்பே கல்லில் வெட்டிவைத்தார்கள். இன்று புன்னமடையிலும் எந்தப் படகுக்கு எந்தப் பாதை என்பதைச் சீட்டுக் குலுக்கியே முடிவு செய்கிறார்கள். தொடக்கத்தில் காட்டும் அந்த விரிந்த கை, கடைசிக் கோட்டிலும் தெரிய வேண்டும் என்பதே என் விண்ணப்பம்.

30.8.2025 அன்று அதே வீயபுரம் சுண்டன், அதே கைனகரி சங்கத்தாரோடு நேரு கோப்பையை வென்றது. இம்முறை நான் பத்து ரூபாயை மேசைமேல் வைத்தேன். கணக்கர் அதை எடுக்கவில்லை. அவரே எல்லோருக்கும் சாயா சொன்னார். "போன வருஷம் தோத்தது வலிக்கல முதலாளி. புரியாமத் தோத்ததுதான் வலிச்சுது" என்றார்.

இந்த மலரை வாசிக்கும் நம் இல்லங்களில் பிள்ளைகள் விளையாட்டுக்கும் தேர்வுக்கும் போட்டிக்கும் போகிறார்கள். தோற்று வரும் பிள்ளைக்கு 'அம்பயர் சரியில்லை' என்று உடனே ஆறுதல் சொல்லாதீர்கள். எப்படி அளந்தார்கள் என்று முதலில் கேட்கக் கற்றுக்கொடுங்கள். கணிப்பு தவறலாம், தராசு தவறக்கூடாது.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!