கூம்புருளை பேரிங்கின் வரலாறு

லாரிச் சக்கரங்களில் பரவலாகப் பயன்படுவது கூம்புருளை பேரிங் ஆகும். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில், பாரம் ஏற்றிய குதிரை வண்டிகள் திருப்பங்களில் திணறின. அப்போது சக்கரத்தில் ஏற்படும் பக்கவாட்டு விசையை அக்காலத்து பேரிங்குகளால் சரிவரத் தாங்க இயலவில்லை. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் வண்டி செய்துவந்த ஹென்றி டிம்கன், ரெஜினால்ட் ஹைன்செல்மனுடன் இணைந்து 1898இல் கூம்புருளை பேரிங்கிற்குக் காப்புரிமை பெற்றார். ஒருமுனை சிறுத்த இதன் உருளைகள் மேலிருந்து அழுத்தும் சுமை, பக்கவாட்டு விசை ஆகிய இரண்டையும் தாங்கின.

உருளைகளுடன் கூடிய உள்வளையமும் வெளிவளையமும் தனித்தனியே கழலும் அமைப்பு இன்றும் தொடர்கிறது. ஆகவே புதிய பேரிங் வாங்கும்போது, வளையங்களில் பொறித்துள்ள எண்களைச் சரிபார்த்து இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். தேய்ந்த வெளிவளையத்தில் புதிய உருளைகளைப் பொருத்தினால் அவையும் விரைவில் தேய்ந்து சூடேறும். ஓட்டத்திலேயே சக்கரம் கழன்றுவிடவும் கூடும்.